டோக்கியோ வந்து அஞ்சு மாசம் ஆச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா மனசு ஒட்டல

கேள்வி: கமெய்தோ புதுசு

எல்லாருக்கும் வணக்கம். போன அக்டோபர்ல டோக்கியோ வந்தேன், இப்போ மார்ச், கணக்குப் பாத்தா அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு. ஐடி வேலை, ஆபீஸ் ஷினகாவா, வீடு கோதோ வார்டுல கமெய்தோ, தனியாத்தான் இருக்கேன். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சு எழுதறதும் அழிக்கறதுமா இருந்தேன், இன்னிக்கு எழுதிடறேன், நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

மொதல்லயே சொல்லிடறேன், இந்த ஊரு மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல. வந்து எறங்கின அன்னிக்கே ஏர்போர்ட்ல ஸாய்ரியூ கார்டு, அதாவது இங்க தங்கறதுக்கான அடையாள அட்டை, கையில குடுத்துட்டாங்க, வீடு அமைஞ்ச 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும்னு சொன்னாங்க, போனேன், டோக்கன் எடுத்தேன், ஒக்காந்தேன், ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. ட்ரெயின் ரெண்டு நிமிஷம் லேட்டானா அதுக்கு மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வருது. டிசம்பர்ல பர்ஸைத் தொலைச்சேன், அகிஹபாராவுல சோபு லைன்லேருந்து யமனோதே லைனுக்கு மாறும்போது விழுந்திருக்கணும், ரெண்டாம் நாளே 14,000 யென் பணம், கார்டு எல்லாம் வச்ச எடத்துல வச்சபடி திரும்பி வந்துச்சு. எடுத்துக் குடுத்தவர் யாருன்னு கேட்டேன், பேரு சொல்ல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாராம். நன்றி சொல்லக்கூட ஆளு இல்லாம பர்ஸ வாங்கிட்டு வந்தேன்.

என்னோட பிரச்சனை எங்க இருக்குன்னா அங்கதான் இருக்கு. எல்லாம் நடக்குது, ஆனா நடுவுல மனுஷன் வரமாட்டேங்கறான். சனி ஞாயிறு ரெண்டு நாள்ல என்கிட்ட பேசற ஒரே ஆளு கொம்பினி, அதாவது தெருமுனை சின்ன சூப்பர் மார்க்கெட், கடைக்காரப் பொண்ணுதான், அது கேக்கறது ரெண்டே கேள்வி, பை வேணுமா, இத சூடு பண்ணவா. "அதாதமேமாஸ் கா"ன்னு அது கேக்கும், நான் "ஹாய்"னு, அதாவது ஆமான்னு, சொல்லுவேன், அதோட திங்கக்கிழமை காலைல வரைக்கும் என் வாய்லேருந்து ஒரு சத்தம் வராது. அத நான் பிப்ரவரியில ஒரு நாள் கவனிச்சுட்டேன், கவனிச்சதுக்கு அப்புறம் கவனிக்காம இருக்க முடியல.

அதே பிப்ரவரியில மூணு நாள் காய்ச்சல். 22 சதுர மீட்டர், 1கே வீடு, அதாவது ஒரு ரூமும் ஒரு சமையக்கட்டும், சுவர் மெலிசு, ஏசி ஹீட்டரை நிறுத்தின அடுத்த நிமிஷம் குளுரு உள்ள வந்துரும். படுத்தே கெடந்தேன். பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருக்கார், தண்ணி திருப்பற சத்தம், கதவு சாத்தற சத்தம் எல்லாம் கேக்கும், அவரு மூஞ்சிய நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. நான் உள்ள செத்துக் கெடந்தாலும் அவருக்குத் தெரியப்போறதில்லன்னு அப்போ ஒரு நெனப்பு வந்துச்சு, அந்த நெனப்பு இன்னும் போகல.

குப்பை விஷயம் ஒண்ணு. வந்த புதுசுல எரிக்கறதுக்குன்னு தனியா பிரிக்கற குப்பைய தப்பான நாள்ல வச்சிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா எல்லாப் பையும் போயிருச்சு, என் பை மட்டும் அங்கயே இருக்கு, மேல ஒரு ஸ்டிக்கர். யாரும் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலன்னு தோணுச்சு. பைய எடுத்துட்டு மாடி ஏறினேன், மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு.

கடைசியா ஒண்ணு, இத எழுதவே யோசனையா இருக்கு. பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு எடத்துல எனக்கு அப்பா பேருதான் இருக்கு, நம்ம ஆளுங்க பல பேருக்கு அப்படித்தான். அதனால ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, வார்டு ஆபீஸ் எல்லா எடத்துலயும் அப்பா பேர சொல்லி, பின்னால மரியாதைக்கு ஸான் சேத்துத்தான் என்னைக் கூப்பிடறாங்க. அப்பா தவறி மூணு வருஷம் ஆகுது. ஒரு நாளைக்கு எத்தனை தடவ அந்தப் பேரு காதுல விழுதுன்னு சொல்ல முடியல. பேருல ஒரு ழ வேற இருக்கு, அது அவங்க வாய்ல ரு ஆயிடுது. மொதல்ல சங்கடமா இருந்துச்சு, இப்போ என்னவா இருக்குன்னே எனக்குச் சொல்லத் தெரியல.

கேக்க வந்தது இதுதான். உங்களுக்கெல்லாம் இந்த ஊரு எப்போ ஒட்டுச்சு, என்ன பண்ணி ஒட்டுச்சு? பேசாம நிஷிகசாய் பக்கம் நம்ம ஆளுங்க இருக்கற எடமாப் பாத்துப் போயிடவா? வீட்டு ஒப்பந்தம் ரெண்டு வருஷம். ஜப்பானிய மொழி என்5, அதாவது மொழிப் பரீட்சையோட கடைசிப் படி, அளவுக்குக்கூட இன்னும் வரல, ஆபீஸ்ல இங்கிலீஷ்லயே ஓடிடுது.

பதில் 1: அரகாவா கரை

தம்பி, வணக்கம். மொதல்ல ஒடம்ப பாத்துக்கோங்க. காய்ச்சல் மறுபடி வந்தா மூணு நாள் கெடக்காதீங்க, உங்க கம்பெனி இன்ஷூரன்ஸ்ல கிளினிக் போனா நீங்க கட்ட வேண்டியது 30 சதவீதம்தான், ஆம்புலன்ஸ் 119, அதுக்குக் காசு கெடையாது, ஆம்புலன்ஸ் கூப்பிடற அளவுக்கா இல்லையான்னு சந்தேகமா இருந்தா #7119 இருக்கு. இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க. என் நம்பரையும் தனி மெசேஜ்ல அனுப்பறேன், அதையும் சேத்து ஒட்டுங்க.

நான் 2008-ல வந்தவன், அப்போலேருந்து எதோகவா வார்டுல நிஷிகசாய்தான். 2000 வாக்குல கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவங்க தோஸாய் லைன்ல ஒரே ட்ரெயின்ல ஓதேமாச்சி, நிஹோன்பாஷி ஆபீஸுக்குப் போயிடலாம்னு இங்க குடியேற ஆரம்பிச்சாங்க, அப்படியே பெருகிப்போச்சு. பருப்பு, மசாலா, பேச்சுத்துணை எல்லாம் இங்க கெடைக்கும். ஆனா ஒரு விஷயம் உண்மையச் சொல்லணும், நான் வந்த மொத மூணு வருஷம் நம்ம ஆளுங்களோட மட்டும்தான் இருந்தேன், தனிமை இல்ல, அது நெசம், ஆனா டோக்கியோவுல இருக்கேங்கற எண்ணமும் இல்ல. ஏதோ ஒரு பெரிய ஹாஸ்டல்ல இருந்துட்டு ட்ரெயின் ஏறி வேலைக்குப் போயிட்டு வர்ற மாதிரிதான் இருந்துச்சு.

அது மாறினது 2011 மார்ச் 11. மத்தியானம் 2:46. ஓதேமாச்சியில 14-வது மாடியில இருந்தேன். டோக்கியோவுல அன்னிக்கு ஷிந்தோ 5 மேல்னு பதிவாச்சு, ஷிந்தோன்னா நில ஆட்டத்தோட அளவு, அது 0-லேருந்து 7 வரைக்கும், 5-யும் 6-யும் மட்டும் கீழ், மேல்னு ரெண்டா பிரிப்பாங்க. பில்டிங் கப்பல் மாதிரி ஆடுச்சு, நின்ன பிறகும் ஆடிட்டே இருக்கற மாதிரி தலைக்குள்ள சுத்திட்டு இருந்துச்சு. போன் போகல, ட்ரெயின் மொத்தமா நின்னு போச்சு. நடக்க ஆரம்பிச்சேன். எய்தாய் ரோடு புடிச்சு மொன்ஸென்நகாச்சோ, தோயோச்சோன்னு ட்ரெயின்ல பேரு மட்டும் தெரிஞ்ச எடத்தையெல்லாம் அன்னிக்குத்தான் கால்ல பாத்தேன். ரோடு நெறைய ஜனம், எல்லாம் ஆபீஸ் கோட்டு சூட்டோட, ஹெல்மெட் போட்டுட்டு சில பேரு, யாரும் யாரையும் தள்ளல, கத்தல. பப்ளிக் போன் முன்னாடி நீளமா வரிசை. ஒரு சின்னக் கடைக்காரர் வெளிய மேஜை போட்டு டீ ஊத்தி வச்சிருந்தார், போறவங்க எடுத்துக் குடிச்சிட்டு தலை குனிஞ்சிட்டுப் போனாங்க, நானும் குடிச்சேன். கசாய் பாலத்துல அரகாவா ஆத்தைத் தாண்டும்போது நல்லா இருட்டிப்போச்சு, காத்து வெட்டுச்சு, பாலம் முழுக்க ஆளுங்க, அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன், என்னை யாரும் வேத்தாளாப் பாக்கலன்னு அப்போ தோணுச்சு. இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பாலத்துல போனா அது ஞாபகம் வருது.

வீட்டுக்கு வந்தா லிஃப்ட் ஓடல, 9 மாடி ஏறினேன். கேஸ் வரல. கதவுகிட்ட நின்னுட்டு இருந்தேன், பக்கத்து வீட்டு பாட்டி டார்ச் எடுத்துட்டு வெளிய வந்தாங்க. மூணு வருஷமா லிஃப்ட்ல தலையாட்டினதோட சரி, பேசினது கெடையாது. அவங்க ஒண்ணும் கேக்கல, நேரா வந்து என் வீட்டுக் கதவு பக்கத்துல இருந்த பெட்டியத் தெறந்து மீட்டர்ல ஒரு பட்டன அமுக்கிக் காட்டினாங்க. ஷிந்தோ 5 அளவுக்கு ஆட்டம் வந்தா கேஸ் மீட்டர் தானா அடைச்சுக்கும், அந்தப் பட்டன அமுக்கிட்டு மூணு நிமிஷம் எதையும் தொடாம காத்திருக்கணும், லைட் அணைஞ்சா கேஸ் வந்துரும். அந்த மூணு நிமிஷமும் அவங்க கூடவே நின்னாங்க. அப்புறம்தான் "தாய்ஜோபு?"ன்னு, ஒண்ணும் ஆகலையேன்னு, கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. நீங்க இன்னிக்கே உங்க மீட்டர் எங்க இருக்குன்னு தேடிப் பாத்து வச்சுக்கோங்க, இது கட்டாயம்.

அதுக்கப்புறம் அந்தப் பாட்டிதான் என்னை அந்த ஏரியா சோனாய்காய்ல, அதாவது தெருக்காரங்க சங்கத்துல சேத்துவிட்டாங்க. செப்டம்பர் 1-ந்தேதி 1923 பூகம்பம் நடந்த நாள், அத ஒட்டி பல ஏரியாவுல பேரிடர் பயிற்சி நடக்கும், தீ அணைக்கற குழாயப் புடிக்கறது, பெரிய அண்டாவுல சமைச்சுப் பங்கு போடறது, இதுதான் வேலை. மொழி தேவையே இல்ல. அண்டா தூக்க ஆளு வேணும், அவ்ளோதான், அங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு எழுவது வயசுக்காரங்க, கையில பலம் இருக்கற நம்மள மாதிரி ஆளு வந்தா அவங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. உங்களைக் கொண்டு யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லங்கற மாதிரி எழுதியிருக்கீங்க, அங்க போய் நின்னு பாருங்க.

அதனால என் எண்ணம், வீடு மாறாதீங்க. ஒரு வருஷத்துக்குள்ள காலி பண்ணா அபராதம்னு பல ஒப்பந்தத்துல போட்டிருப்பாங்க, படிச்சுப் பாருங்க. கமெய்தோவுலேருந்து இங்க சைக்கிள்ல முக்கா மணி நேரம்கூட ஆகாது, நம்ம சாப்பாடு, நம்ம பேச்சு வேணும்னா வாங்க, வந்துட்டு உங்க தெருவுக்குத் திரும்பிப் போங்க. டோக்கியோ மொத்தமும் ஒரு ஊரு இல்ல தம்பி, 23 வார்டு, ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு ஊரு. நீங்க இன்னும் கமெய்தோவையே பாக்கலன்னு நெனைக்கறேன், ஸ்டேஷன் வாசல்லேருந்து வீட்டுக் கதவு வரைக்கும்தான் பாத்திருப்பீங்க. சரியா?

பதில் 2: இதாபாஷி அக்கா

தம்பி உங்க போஸ்ட் படிச்சிட்டு ராத்திரி தூங்கவே இல்ல, எனக்கு 2016 ஞாபகம் வந்துருச்சு. நான் டிபெண்டன்ட் விசாவுல வந்தவ. வீட்டுக்காரர் காலைல 7:30-க்குப் போனா ராத்திரி 9:30, உங்களுக்காவது ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, எனக்கு அந்தக் கொம்பினி பொண்ணுகூட கெடையாது. வந்த மொத வாரம் சாயங்காலம் 5 மணிக்கு தெருவுல ஒலிபெருக்கியில திடீர்னு பாட்டு ஓடுச்சு, நான் ஏதோ ஆபத்துன்னு நெனச்சு கைப்பைய எடுத்துட்டு கீழ ஓடிட்டேன், கீழ பாத்தா பார்க்ல பசங்க சைக்கிள எடுத்துட்டு சாவகாசமா வீட்டுக்குப் போறாங்க. பேரிடர் நேரத்துக்கான ஒலிபெருக்கி வேலை செய்யுதான்னு தெனமும் பாத்துக்கத்தான் அந்தப் பாட்டு போடறாங்களாம், பசங்களுக்கு அது வீட்டுக்குப் போற மணி. யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். இப்போ என் பொண்ணு அந்தப் பாட்டு கேட்டுத்தான் வீட்டுக்கு வர்றா.

என்னைக் காப்பாத்தினது மொழிதான், அதனால அத மட்டும் நெறைய சொல்றேன். வார்டு ஆபீஸ்ல கேளுங்க, எல்லா வார்டுலயும் தன்னார்வலர்கள் நடத்தற ஜப்பானிய வகுப்பு இருக்கும், இலவசமா இருக்கும், இல்லன்னா ரொம்பக் கம்மிக் காசு. சொல்லிக்குடுக்கறவங்க பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்க. எனக்கு வாச்சவங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்தவங்களாம். மொத நாளே எழுத்து வரிசைய எழுதிக் காட்டினாங்க, அ இ உ எ ஒ. அப்படியே நம்ம குறில் அஞ்சு! அதுக்கப்புறம் அ கா ஸா தா நா ஹா மா யா ரா வா. நான் நோட்டுல பக்கத்துலயே எழுதினேன், அ க ச த ந ப ம ய ர வ. ஒக்காந்த எடத்துல மயிர்க்கூச்செறிஞ்சுருச்சு. ஹா வரிசை முந்தி பா மாதிரி ஒலிச்சதுன்னு அவங்களே சொன்னாங்க, அப்போ அச்சு அசல் நம்ம வரிசை. சித்தம் எழுத்துன்னு ஒரு இந்திய எழுத்து முறை புத்த பிக்குகள் மூலமா இங்க வந்து, அந்த அடுக்குலதான் இவங்களும் அடுக்கியிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி யாரோ ஒருத்தர் நான் நிக்கறதுக்கு ஒரு படி கட்டி வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

வாக்கியமும் அப்படித்தான். நான் தண்ணி குடிக்கிறேன், வதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ், வினை கடைசில, உருபு பேருக்குப் பின்னாடி. இங்கிலீஷ் வழியா படிச்சா தலைகீழா நின்னு படிக்கணும், தமிழ் வழியா யோசிச்சா நேரா வந்துரும், இத யாரும் பாடப் புத்தகத்துல சொல்றதில்ல. சுஸுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய மொழியறிஞர் ரெண்டு மொழிக்கும் உறவே இருக்குன்னு எழுதினார், மத்த மொழியியல்காரங்க பெரும்பாலும் அத ஏத்துக்கல, அந்தச் சண்டை நமக்கு வேணாம், படிக்கறதுக்கு நமக்கு இது ஒரு வரம், அவ்ளோதான் சொல்றேன். என்5 பரீட்சை ஜூலை, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஹிரகனாங்கற அடிப்படை எழுத்து 46, ஒரு மாசத்துல கையில வந்துரும். ஆபீஸ்ல இங்கிலீஷ்ல ஓடுதுன்னு சொன்னீங்களே, அது வசதி மாதிரி தெரியும், அதுதான் உங்களை ஊரோட சேரவிடாம நிறுத்தி வச்சிருக்கு.

கொம்பினி பொண்ணப் பத்தி எழுதினீங்கள்ல. அது "அதாதமேமாஸ் கா"ன்னு கேட்டா அடுத்த தடவ "ஓனெகாய்ஷிமாஸ், கியோ சமுய் தெஸ் நே"ன்னு சொல்லிப் பாருங்க. ஆமா பண்ணுங்க, இன்னிக்கு குளுருதுல்ல, அவ்ளோதான். "நே"ன்னு முடியற வாக்கியத்துக்கு எதிராளு பதில் சொல்லாம இருக்க முடியாது, நம்ம "இல்ல?" மாதிரி. நான் அந்த ஒரு நே வச்சுத்தான் காய்கறிக் கடை, பார்க் அம்மாங்க, குப்பை வலை மடிக்கற தாத்தா எல்லாரையும் புடிச்சேன். அப்புறம் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பாக்கற அனுமதி வாங்கி ஒரு பென்தோ, அதாவது டப்பா சாப்பாட்டுக் கடையில பாதி நேர வேலைக்குச் சேந்தேன், இப்போ அஞ்சு வருஷமாச்சு.

பேரு விஷயம். பேங்க், வார்டு ஆபீஸ், சம்பளப் பேப்பர் எல்லாத்துலயும் கதகானாவுல, அதாவது வெளிநாட்டுப் பேரு எழுதற எழுத்துல, ஒரே மாதிரி எழுதிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஒரு கோடு மாறினாக்கூட பணம் திரும்பிப் போயிடும், எங்களுக்கு அப்படி ஆயிருக்கு. மத்தபடி ஆபீஸ்ல சொல்லலாம் தம்பி, இது என் அப்பா பேரு, என் பேரு இது, இப்படிக் கூப்பிடுங்கன்னு சொன்னா அடுத்த நாளே மாத்திடுவாங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா மாத்தணுமான்னு நீங்கதான் யோசிக்கணும். எங்க வீட்டுக்காரரும் உங்களை மாதிரிதான், அவங்க அப்பா இருக்கார், போன்ல சொன்னா "என் பேரு ஜப்பான்ல வேலைக்குப் போகுதாடா"ன்னு கேட்டு சந்தோஷப்படுவார்.

பதில் 3: கடல் பக்கம் போயிட்டேன்

மேல ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்காங்க, ஆனா நான் ஒரு வார்த்தை வேற மாதிரி சொல்லணும். எல்லாம் நம்ம முயற்சியிலதான் இருக்குன்னு சொன்னா, ஒட்டலன்னா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும், அது நியாயம் இல்ல. நான் 6 வருஷம் டோக்கியோவுல இருந்தேன், மொழி என்2 முடிச்சேன், தெருத் திருவிழாவுல தோள் குடுத்து மிகோஷி, அதாவது சாமிப் பல்லக்கு, தூக்கினேன், வீடு மாத்தலாம்னு புரோக்கர் ஆபீஸ்ல போய் ஒக்காந்தா அவரு என் முன்னாடியே வீட்டு ஓனருக்கு போன் போட்டு "கைக்கோகுஜின் (வெளிநாட்டுக்காரர்), ஆனா ஜப்பானிய மொழி பேசுவார்"னு கெஞ்சினார், நாலு வீடு வேணாம்னுட்டாங்க. "சோத்தோ..."ன்னு இழுத்துட்டு மூச்ச உள்ள வாங்குவாங்க பாருங்க, அதுக்கு அர்த்தம் முடியாது. அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் லைட் போடாம ஒக்காந்திருந்தேன். கிடைச்ச வீட்டுக்கும் ஷிகிகின்னு டெபாசிட், ரெய்கின்னு ஓனருக்கு நன்றிப் பணம், புரோக்கர் காசு, ஜாமீன் கம்பெனிக்குக் காசுன்னு உள்ள போறதுக்கே நாலஞ்சு மாச வாடகை, அதுல ரெய்கின் திரும்பியே வராது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்க இன்னொரு மாச வாடகை.

அதனால மாறறதா இருந்தா யூஆர் வீடு பாருங்க, அரசாங்கம் சார்ந்த அமைப்பு, ரெய்கின் இல்ல, புரோக்கர் இல்ல, ஜாமீன் இல்ல, புதுப்பிக்கற காசு இல்ல, டெபாசிட் மட்டும் ரெண்டு மாசம், வருமானம் காட்டினா போதும், எந்த நாட்டுக்காரன்னு பாக்க மாட்டாங்க. நான் இப்போ யோகோஹாமாவுல யூஆர் வீட்டுலதான் இருக்கேன், சந்தோஷமா இருக்கேன். இன்னொண்ணு, வர்ற ஜூன்லேருந்து ஜூமின்ஸெய், அதாவது குடியிருப்பு வரி, வரும், நீங்க அக்டோபர்ல வந்ததால இந்த வருஷம் கொஞ்சமாத்தான் இருக்கும், அடுத்த ஜூன்லேருந்து முழுசா, கழிவெல்லாம் போக மிஞ்சற வருமானத்துல ஏறக்குறைய பத்து சதவீதம், ஒதுக்கி வைங்க, எனக்கு யாரும் சொல்லாம சம்பளம் கொறைஞ்சதப் பாத்து பதறிட்டேன்.

பக்கத்து ரூம்காரரப் பத்தி எழுதினீங்க. 2020 கணக்கெடுப்புல டோக்கியோ வீடுகள்ல பாதி தனியாள் வீடு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவரும் ஒருவேளை உங்க தண்ணிச் சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கலாம். நீங்க வெளிநாட்டுக்காரர்ங்கறதால மட்டும் வந்த தனிமை இல்ல இது, இந்த ஊர்ல பொறந்தவங்களுக்கும் இருக்கு. அது தெரிஞ்சதும் எனக்குக் கொஞ்சம் பாரம் கொறைஞ்சுது.

பதில் 4: அரகாவா கரை

கடல் பக்கம் தம்பி சொன்னதுல எனக்கு எதிர்ப்பே இல்ல, வீட்டு விஷயத்துல நானும் பட்டவன்தான். நான் சொன்னது முயற்சி பண்ணா எல்லாம் சரியாயிடும்னு இல்ல. முயற்சி பண்ணாம இருந்த அந்த மூணு வருஷத்துக்கு நான் இப்போவும் வருத்தப்படறேன், அந்தப் பாட்டி 2019-ல போயிட்டாங்க, அவங்களோட முன்னாடியே பேசியிருந்தா இன்னும் மூணு வருஷம் கெடைச்சிருக்கும். அதான்.

கமெய்தோ புதுசு:

ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, எல்லாத்தையும் ரெண்டு மூணு தடவ படிச்சேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி எதையாவது செஞ்சிட்டு வரணும்னு இருந்தேன்.

கேஸ் மீட்டர் கண்டுபுடிச்சுட்டேன் அண்ணே, கதவுக்கு வலது பக்கம். அதத் தேடிட்டு நின்னப்போதான் பக்கத்து ரூம்காரர் வெளிய வந்தார், மொத தடவயா மூஞ்சியப் பாத்தேன், அம்பது வயசு இருக்கும், நைட் ஷிப்ட் வேலை போல, தூக்கக் கலக்கமா இருந்தார். நான் மீட்டரக் காட்டி "ஜிஷின்"னு மட்டும் சொன்னேன், பூகம்பம்ங்கற வார்த்தை ஒண்ணுதான் தெரியும். அவரு ரொம்ப சீரியஸா குனிஞ்சு அவரோட மீட்டரையும் தெறந்து பாத்தார், அவருக்கும் அது எங்க இருக்குன்னு தெரியாது போல. ரெண்டு பேரும் நின்னு பட்டனப் பாத்துட்டு உள்ள போயிட்டோம். அவ்ளோதான் நடந்துச்சு, ஆனா அன்னிக்கு ராத்திரி அவரு கதவு சாத்தற சத்தம் கேட்டப்போ வேற மாதிரி இருந்துச்சு.

அக்கா, வார்டுல வகுப்பு இருக்கு, வியாழக்கிழமை சாயங்காலம், ரெண்டு வகுப்பு போயிட்டேன். அ இ உ எ ஒ எழுதும்போது நீங்க சொன்ன அதே உணர்வு. கொம்பினி பொண்ணுகிட்ட "சமுய் தெஸ் நே" சொல்றதுக்குள்ள குளுரு போயிருச்சு, அதனால "அதாதகாய் தெஸ் நே"ன்னு மாத்திச் சொன்னேன், அது நிமிந்து பாத்து, ஹனாமி, அதாவது செர்ரிப் பூ பாக்க, போனீங்களான்னு கேட்டுச்சு, பாதிதான் புரிஞ்சுது, போறேன்னு சொன்னேன், சொன்னதுக்காகவே போனேன். போன ஞாயித்துக்கிழமை கமெய்தோ தென்ஜின் கோயிலுக்கும் போனேன், என் வீட்டுலேருந்து 15 நிமிஷம், இத்தனை மாசமா போர்டு மட்டும் பாத்திருக்கேன். ஃபுஜிப் பூ, மலை இல்ல, விஸ்டேரியாங்கற கொடிப் பூ, பந்தல்ல கொத்துக் கொத்தா குளத்து மேல தொங்குது, செவப்புப் பாலம், அதுல ஏற வரிசை, அந்த வரிசைல எனக்கு முன்னாடி நின்ன ஒரு வயசான அம்மா தானா பேச ஆரம்பிச்சிட்டாங்க, அம்பது வருஷமா ஒவ்வொரு ஏப்ரலும் வர்றாங்களாம். அண்ணே, நீங்க கேட்டது சரி, நான் கமெய்தோவப் பாக்கவே இல்ல.

கடல் பக்கம் அண்ணன் எழுதினதுதான் எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு, அத இங்க சொல்லணும். ஜூமின்ஸெய்க்கு ஒதுக்க ஆரம்பிச்சிட்டேன்.

அப்பா பேரு. டீம் லீட்கிட்ட சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம், அவங்க ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் "இத்தனை நாளா உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்குமே"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். அது பொய் இல்ல, சொல்லும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. வேற பேரு சொல்லிக் கூப்பிடவான்னு கேட்டாங்க, வேணாம், அப்படியே கூப்பிடுங்க, ஆனா சரியாச் சொல்லக் கத்துத்தரேன்னு சொன்னேன். மூணு பேரு மேஜைல ஒக்காந்து ழ சொல்லிப் பழகினாங்க, நாக்க மடிச்சு உள்ள கொண்டு போங்கன்னு கையால காட்டினேன். ஒருத்தருக்கு ஏழாவது தடவ ஏறக்குறைய வந்துருச்சு. நான் எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டேன்.

அண்ணே, இந்த ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல அங்க வரலாமா? கசாய் பாலம் வழியா வரணும்னு ஆசை.

பதில் 5: அரகாவா கரை

வாங்க தம்பி. 11 மணிக்கு நிஷிகசாய் ஸ்டேஷன் வடக்கு வாசல்ல நிக்கறேன். பாலத்து மேல எதிர்க்காத்து பலமா இருக்கும், எறங்கித் தள்ளிட்டு வாங்க, அவசரம் இல்ல.